டிராகனை நம்புவார்கள், காதலை நம்பமாட்டார்கள்

ஃபேன்டஸி நாவல்களை நெடுங்காலமாகப் படித்து வருபவர்கள் மத்தியில் இன்று ஏறக்குறைய ஒருமித்த கருத்து ஒன்று உலவுகிறது. ஒரு காலத்தில் இந்த வகை எழுத்து கம்பீரமாக இருந்ததாம். டோல்கீன் புதிய மொழிகளையே உருவாக்கினார், லெ குவின் தத்துவத்தைக் கதையாக்கினார், மார்ட்டின் அதிகார அரசியலைக் கொண்டுவந்தார். பிறகு சாரா ஜே. மாஸ் வந்தார், ரெபெக்கா யாரோஸ் வந்தார், டிக்டாக் வந்தது, புத்தகக் கடையின் முன்மேசையைக் காதல் பிடித்துக்கொண்டது, எல்லாம் குட்டிச்சுவராகிவிட்டது. காதலும் ஃபேன்டஸியும் கலந்த இந்த வகையை ரொமான்டஸி என்று சொல்லும்போதே இவர்கள் உதடு சுழிப்பதைப் பார்க்கலாம். யாரோஸின் ‘ஓனிக்ஸ் ஸ்டார்ம்’ 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்ற செய்தியை இவர்கள் இழவுச் செய்தி போலத்தான் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கருத்து தவறு. போகிற போக்கில் தவறு என்று சொல்லவில்லை, அடி முதல் நுனி வரை தவறு என்கிறேன். இந்த நாவல்களில் குறைகள் இல்லை என்பதற்காக அல்ல. குறைகள் மண்டிக் கிடக்கின்றன. சிலவற்றைப் பெயர் சொல்லியே கீழே எழுதப்போகிறேன். ஆனால் காதல் அதிகமாகிவிட்டதால் ஃபேன்டஸி கெட்டது என்பது வரலாறும் தெரியாத, நூலையும் புரட்டாத பேச்சு. என் புகார் இதற்கு நேர் எதிரானது. இந்த நாவல்களில் மோசமானவை மோசமாக இருப்பதற்குக் காரணம், அவற்றில் காதல் போதாமல் இருப்பதுதான்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். ஓர் இளவரசி ஒரு சாமானிய வீரனைக் காதலிக்கிறாள். அவள் சாகாவரம் பெற்ற இனம், அவன் சாகப் பிறந்தவன். தந்தை அவளை ஒரு பெரிய மரத்தின் உச்சியில் வீடு கட்டி அடைத்துவைக்கிறார். அவள் மந்திரத்தால் தன் கூந்தலை நீள வளர்த்து, அதையே தூக்கம் வரவழைக்கும் போர்வையாக நெய்து, கயிறாகத் திரித்து இறங்கித் தப்பிக்கிறாள். காதலன் சிறையில் கிடக்கிறான். இவள் போய் அரக்கனை வென்று மீட்கிறாள். இருளின் அரசன் முன்னால் பாடி அவனைத் தூங்கவைத்து அவன் முடியிலிருக்கும் மணியைக் கவர உதவுகிறாள். கடைசியில் காதலன் இறந்தபோது மரணத்தின் அதிபதி முன்னால் நின்று பாடி, அவர் மனத்தையே இளக வைத்து, தன் சாகாவரத்தைத் துறந்து அவனோடு மனிதப் பெண்ணாக வாழ்கிறாள். இது ரொமான்டஸி இல்லையென்றால் வேறு எது? எழுதியவர் டோல்கீன். லூத்தியன், பெரன் கதையின் முதல் வடிவத்தை அவர் 1917-இல் எழுதினார். ‘ஹாபிட்’ வெளிவருவதற்கு 20 ஆண்டுகள் முன்னால். யார்க்‌ஷரில் ஒரு தோப்பில் மனைவி எடித் ஆடியதைப் பார்த்ததிலிருந்து பிறந்த கதை அது. ஆக்ஸ்ஃபோர்டின் வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் எடித்தின் பெயருக்குக் கீழே லூத்தியன் என்றும், டோல்கீனின் பெயருக்குக் கீழே பெரன் என்றும் பொறித்திருக்கிறார்கள். நவீன ஃபேன்டஸியின் தந்தை எனக் கொண்டாடப்படுபவர் தன் கல்லறைக்குத் தேர்ந்தெடுத்தது காதல் கதையின் பெயரை. மந்திரவாதியின் பெயரையோ, மோதிரத்தின் பெயரையோ அல்ல.

இன்னும் பின்னால் போனால் இந்த வாதம் நிற்கக்கூட இடமில்லாமல் போகும். மேற்குலகில் தேவதைக் கதைகளை அச்சில் ஒரு வகைமையாக நிறுவியவர்களில் முக்கியமானவர்கள் பாரிஸ் சீமாட்டிகள். மதாம் தோல்னுவா 1697-இல் தன் கதைகளை வெளியிட்டார். அழகியும் மிருகமும் கதையை மதாம் தெ வில்னெவ் 1740-இல் நீண்ட நாவலாக எழுதினார். லண்டனில் செல்வர் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மதாம் தெ போமோன் 1756-இல் அதைச் சுருக்கி இன்று நாம் அறியும் வடிவத்தைத் தந்தார். பேசிமுடித்த திருமணத்தில், முன்பின் பார்த்திராத ஆணின் வீட்டுக்குப் பயந்துகொண்டே போகும் பெண்ணின் நிலையை மாயக்கதையாக எழுதினார்கள் இந்தப் பெண்கள். அந்தப் பயம் நம் ஊரில் எந்தப் பாட்டிக்கும் விளக்க வேண்டியதில்லை. போமோனின் கதையில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மிருகம் ஒவ்வோர் இரவும் சாப்பாட்டு வேளையில் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறது: என்னை மணந்துகொள்வாயா? அவள் ஒவ்வோர் இரவும் முடியாது என்கிறாள். மிருகம் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மறுநாள் மறுபடியும் கேட்கிறது. அந்த அரண்மனை, தானே பரிமாறும் மேசை, மாயக்கண்ணாடி எல்லாம் அந்தக் கேள்விக்காக எழுப்பப்பட்டவை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, காதல் ஃபேன்டஸியின் பூர்வ குடி. வெளியேற்றப்பட்டது இடையில்தான். அந்த வெளியேற்றத்தில் டோல்கீனுக்கும் பங்குண்டு. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் அரகோர்ன், ஆர்வென் காதலை அவர் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார். அதைப் பார்த்து எழுத வந்தவர்கள் போரையும் வரைபடத்தையும் பிடித்துக்கொண்டார்கள். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீயில்கூட முதல் மூன்று நூல்களிலும் மந்திரக் கல்வி ஆண்களுக்கு மட்டுமே. ரோக் தீவுப் பள்ளியில் பெண்ணுக்கு இடமில்லை. பெரிய மந்திரவாதிகள் துணையில்லாத துறவிகள் போல வாழ்கிறார்கள். மூன்றாவது நூல் 1972-இல் வந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 1990-இல் லெ குவின் ‘தெஹானு’வோடு திரும்பி வந்து அந்த உலகத்தைத் தானே கேள்வி கேட்டார். பழைய நூல்களின் நாயகனான மந்திரவாதி கெட் தன் மந்திர சக்தி முழுவதையும் இழந்து டிராகனின் முதுகில் பாதிப் பிணமாக வந்து சேர்கிறான். இரண்டாம் நூலின் நாயகி டெனார் இப்போது விதவை, பண்ணைக்காரி, நடுவயதுக்காரி. அரசனின் ஆட்கள் தேடி வரும்போது கெட் வெட்கத்தால் ஒளிந்துகொண்டு ஆடு மேய்க்கப் போய்விடுகிறான். பின்னொரு குளிர்கால இரவில் டெனாரின் வீட்டைத் தாக்க வந்தவர்களில் ஒருவனை அவன் வைக்கோல் கவையால் குத்துகிறான். ஒரு காலத்தில் உலகையே சமன்செய்த மந்திரவாதியின் கையில் இப்போது இருப்பது வைக்கோல் கவை. அதன் பிறகுதான் அவர்கள் இருவரும் சேர்கிறார்கள். இரண்டு நடுவயதுக்காரர்களின் கூச்சமும் நிதானமும் கலந்த காதலை லெ குவின் எழுதியபோது, பழைய வாசகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், வீரக்கதையைக் குடும்பக் கதையாக்கிவிட்டார் என்று. என் கணக்கில் எர்த்ஸீ வரிசையின் உச்சம் அதுதான். நெபுலா விருதுக் குழுவும் அந்த நூலைத்தான் தேர்ந்தெடுத்தது. பெண்ணையும் காதலையும் வெளியே நிறுத்தினால் அந்த உலகம் பாதி உலகம்தான் என்று கண்டு சொன்னவர் அதைப் படைத்தவரே. காதலைப் பழிப்பவர்கள் லெ குவினைக் காட்டி மாஸை அடிக்கும்போது எந்த லெ குவினைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்றைய ஏளனத்தின் சொற்கள்கூடப் புதியவை அல்ல. 1956-இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் டோல்கீனின் நாவலைக் குழந்தைத்தனமான குப்பை என்று ஒதுக்கினார். முதிராத மனங்களுக்கான தப்பித்தல் என்ற குற்றச்சாட்டைப் பல பத்தாண்டுகள் சுமந்த கூட்டம் ஃபேன்டஸி வாசகர்கள். தப்பித்தலைப் பழிப்பவர்களுக்கு டோல்கீன் 1939-இலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் சொற்பொழிவில் பதில் சொல்லியிருந்தார்: சிறைக்கைதி தப்பிக்க நினைப்பதையும் போர்வீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று. அந்தப் பதிலை மந்திரம்போல ஒப்பித்து வளர்ந்த ஆண் வாசகர்கள் இன்று அதே வில்சனின் தடியை வாங்கிப் பெண் வாசகர்களை அடிக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 14 பாகங்கள். அதன் நாயகனை மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் காதலிக்கிறார்கள், மூவரும் மனமொத்து அவனைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதை யாரும் ஆணின் பகற்கனவு என்று தனி அலமாரியில் வைக்கவில்லை, காவியம் என்றார்கள். மார்ட்டினின் படுக்கையறைக் காட்சிகள் யதார்த்தம். யாரோஸ் எழுதினால் மட்டும் ஆபாசம். காட்சி ஒன்றுதான். பெண்ணின் கண் வழியாகப் பார்த்தால் தரம் இறங்கிவிடுகிறதாம்.

நமக்கும் இது பழகிய கதையே. சீவக சிந்தாமணியை மணநூல் என்றே சொல்வார்கள். பகைவரிடமிருந்து தப்ப அரசி பறந்துபோகும் மயிற்பொறி, சுடுகாட்டில் பிறக்கும் நாயகன், ஊர் ஊராகப் போய் அவன் செய்யும் மணங்கள். மாயமும் காதலும் அடுக்கடுக்காக வரும் நூல் அது. எழுதியவர் சமணத் துறவி. இவ்வளவு இன்பச் சுவையை அனுபவம் இல்லாமல் எப்படி எழுதினார் என்று புலவர்கள் ஐயப்பட்டதாகவும், திருத்தக்கதேவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தித் தன் தூய்மையை நிறுவியதாகவும் செவிவழிக் கதை உண்டு. சோழ மன்னன் இந்த நூலில் மயங்கிக் கிடந்ததைக் கண்டித்துத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது இன்னொரு கதை. உண்மையோ பொய்யோ, இரண்டும் ஒன்றைக் காட்டுகின்றன: காதலை எழுதியவரின் ஒழுக்கத்தையும் படித்தவரின் அறிவையும் சந்தேகிக்கும் வழக்கம் மிகப் பழையது. நம் காலத்தில் ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அட்டை தெரியாமல் செய்தித்தாள் சுற்றிப் படித்த பெண்களிடம் கேட்டால் அந்தச் சந்தேகத்தின் சூடு எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

சரி, வரலாறு கிடக்கட்டும், இன்றைய நூல்களைப் பேசு என்பார்கள். பேசுவோம். இவற்றில் உலகம் வெறும் படுதா, முன்னால் இருவர் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015-இல் வந்தது. நாயகி ஃபெய்ராவுக்குப் படிக்கத் தெரியாது. வணிகரான தந்தை நொடித்துப்போனபோது அவள் சிறுமி. அதன்பின் வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள், எழுத்து கற்க நேரமில்லை. தேவதை நாட்டின் செல்வ மாளிகைக்கு வந்த பிறகு அவள் மறைக்கப் பாடுபடுவது இதைத்தான். அந்த மாளிகையின் தலைவனும் காதலனுமான டாம்லினைச் சாபத்திலிருந்து மீட்க அவள் மலையின் அடியில் சந்திக்கும் இரண்டாவது சோதனையில் மேலிருந்து பழுக்கக் காய்ந்த முட்கூரைகள் இறங்கி வருகின்றன. எதிரே மூன்று நெம்புகோல்கள், சுவரில் ஒரு புதிர். படித்து விடையைக் கண்டுபிடித்துச் சரியான நெம்புகோலை இழுத்தால் உயிர் தப்பலாம். சாதாரணக் கதாநாயகிக்கு அது எளிய புதிர். இவளுக்கு அது கோடுகளின் கூட்டம். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துத் தவிக்கிறாள், கூரை இறங்கிக்கொண்டே வருகிறது. பல்லாயிரம் பக்கங்கள் எழுதிய மாஸின் மிகச் சிறந்த பக்கங்கள் இவை என்பேன். கல்வி மறுக்கப்பட்ட ஒருத்தி கற்றவர்களுக்காகக் கட்டப்பட்ட உலகில் மாட்டிக்கொள்வதை ஒரு பொறிக்குள் வைத்துக் காட்டிவிட்டார். அடுத்த பாகத்தில் இரவு நாட்டு அரசன் ரைசாண்ட் அவளுக்கு எழுத்துக் கற்பிக்கிறான். தன்னைப் புகழும் அசட்டு வாக்கியங்களையே பயிற்சிக்குக் கொடுக்கிறான். அவள் எரிச்சலோடு அவற்றை எழுதுகிறாள். காதல் வளர்வதும் கல்வி வளர்வதும் அந்தக் காகிதங்களில் ஒன்றாகவே நடக்கின்றன. இதில் எது படுதா, எது முன்மேடை?

யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) இதைவிடச் சுமாரான நாவல். போர்முனையில் ஆள் பற்றாமல் தவிக்கும் ஒரு நாடு தன் மாணவர்களை முதல் நாளே குறுகிய கற்பாலத்தில் நடக்கவிட்டு விழுந்து சாகவிடுமா என்ற கேள்விக்கு நூலில் பதிலே இல்லை. பேச்சுமொழி இன்றைய அமெரிக்கக் கல்லூரி விடுதியிலிருந்து அப்படியே எடுத்தது. ஆனாலும் அதன் நடுவே ஒரு நல்ல யோசனை இருக்கிறது. நாயகி வயலட் ஏட்டாளராக ஆகப் பயின்றவள். ஆவணங்களை நம்பி வளர்ந்தவள். தளபதியான தாய் அவளை டிராகன் வீரர்களின் பிரிவுக்கு வலுக்கட்டாயமாக அனுப்புகிறாள். எல்லைக்கு வெளியே இருக்கும் உண்மையான ஆபத்தை அரசு ஆவணங்களிலிருந்து துடைத்தெடுத்துவிட்டது. அது எஞ்சியிருப்பது இறந்துபோன தந்தை அவளுக்கு விட்டுச்சென்ற நாட்டுப்புறக் கதைப் புத்தகத்தில் மட்டும். அரசாங்க ஆவணக் காப்பகம் பொய் சொல்கிறது, பாட்டிக் கதை மெய் சொல்கிறது. இந்த அரசியல் கேள்வியை யாரோஸ் இரண்டு ஆண்கள் வழியாக நடத்துகிறார். டேன், பால்ய நண்பன். உன் பாதுகாப்புக்காகச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் அவளைப் பின்னுக்கு இழுக்கிறான். அக்கறையோடு முகத்தைத் தொடும் கையாலேயே அவள் நினைவுகளை அனுமதியின்றிப் படிக்கிறான். ஸேடன், கலகக்காரனின் மகன், தூக்கிலிடப்படாத குறையாக வாழ்பவன். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காக முதுகில் 107 தழும்புகளைச் சுமக்கிறான். அவனும் அவளிடம் பலவற்றை மறைக்கிறான். யாரைக் காதலிப்பது என்ற கேள்வியும் யார் சொல்லும் வரலாற்றை நம்புவது என்ற கேள்வியும் இங்கே ஒன்றுதான். காதலை உருவி எடுத்துவிட்டால் அரசியலும் கூடவே உருவிக்கொண்டு வந்துவிடும்.

முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு சலிப்பு. காதலர்கள் சேர்வார்கள் என்று தெரியும், பிறகு எதற்கு அறுநூறு பக்கம்? துப்பறியும் நாவலில் கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரியாதா? விடிய விடியக் கண்விழித்துப் பாரதக் கூத்துப் பார்ப்பவனுக்குத் துரியோதனன் விழுவான் என்று தெரியாதா? தெரிந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறோம் என்பதில்தான் அங்கே எல்லாச் சுவையும். ஆனால் நான் இதைவிட வலுவான ஒரு பதிலை மாஸிடமிருந்தே எடுத்துக்கொள்கிறேன். முதல் நாவலின் இறுதியில் ஃபெய்ரா உயிரைக் கொடுத்து டாம்லினின் சாபத்தை நீக்குகிறாள், சுபம். 2016-இல் வந்த இரண்டாவது நாவல் அந்தச் சுபத்துக்கு மறுநாள் என்ன நடந்தது என்று கேட்கிறது. டாம்லின் மாறவில்லை, அதே அன்பு, அதே பதற்றம். ஆனால் அவளை ஆலோசனைகளில் சேர்ப்பதில்லை, வெளியே விடுவதில்லை. ஒருநாள் அவள் பாதுகாப்புக்காக என்று சொல்லி மாளிகையைச் சுற்றி மந்திரத் தடுப்பு போட்டு அடைத்துவிட்டுப் போகிறான். வெற்றிபெற்ற நாயகி தரையில் சுருண்டு மூச்சு முட்டிக் கிடக்கிறாள். முதல் நாவலில் நாம் ரசித்த அவனுடைய காவல் குணமே இங்கே சிறையாகிவிட்டது. நடுவில் அவனைக் கெட்டவனாக்கும் எந்தத் தந்திரத்தையும் மாஸ் செய்யவில்லை. தான் எழுதிய மகிழ்ச்சியான முடிவை ஒரு வருடத்துக்குள் தானே பிரித்துப் போட்டவர் அவர். மார்ட்டினின் வாசகர்கள் 2011-இலிருந்து அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கிறார்கள். முடிவைத் தாண்டி எழுதும் துணிச்சலைப் பற்றி அவர்கள் பாடம் நடத்தாமல் இருக்கலாம்.

இளம்பெண்களை இவை கெடுக்கின்றன, ஆதிக்க ஆணைக் காதலனாகக் காட்டுகின்றன என்பார் சிலர். இதில் பாதி உண்மை உண்டு. பூசி மெழுக மாட்டேன். மலையின் அடியில் ரைசாண்ட் ஃபெய்ராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து, அரைகுறை ஆடையில் எல்லார் முன்னும் ஆடவிடுகிறான். அவளைக் காப்பாற்றுவதற்கான தந்திரம் அது என்று அடுத்த நூலில் விளக்கம் வருகிறது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை, சப்பைக்கட்டு. மாஸ் டாம்லினிடம் காட்டிய கண்டிப்பை ரைசாண்டிடம் காட்டவில்லை, காரணம் அவருக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் கெடுக்கின்றன என்பவர்கள் வாசகியை ஒன்றும் அறியாதவளாக நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் காட்சியைப் பற்றி மிகக் கடுமையாகச் சண்டை போட்டுக்கொள்பவர்கள் மாஸின் வாசகிகளே. டாம்லினை எப்போது சந்தேகித்திருக்க வேண்டும், முதல் நூலின் எந்தப் பக்கத்தில் அறிகுறி இருந்தது என்று அவர்கள் வாதிடுவதைக் கேட்டால், ஆண் துணையின் நடத்தையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி அங்கே நடப்பது தெரியும்.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். போமோனின் மிருகத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒவ்வோர் இரவும் கேட்பது, ஒவ்வோர் இரவும் மறுக்க விடுவது: அழகியும் மிருகமும் கதையின் உயிர் அந்த மறுப்பில் இருக்கிறது. மறுக்க முடிந்தவளின் சம்மதத்துக்குத்தான் விலை. இன்றைய ரொமான்டஸியின் பெரும்பகுதி இந்த உயிரை எடுத்துவிட்டு அங்கே விதியை வைத்திருக்கிறது. ‘மேட்’ என்று ஒரு பிணைப்பு. இன்னாருக்கு இன்னார் என்று பிறவியிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது பிரபஞ்சம். ஆணுக்கு அது முதலில் தெரிந்துவிடும், உறுமுவான். மாஸின் ஆண்கள் பேசுவதைவிட உறுமுவது அதிகம். ஐந்நூறு வயதான இரவு நாட்டு அரசன் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் எதைக் கண்டான், இவ்வளவு நூற்றாண்டுகள் வாழ்ந்தவனுக்கு அவள் பேச்சில் எது புதிது? எழுத வேண்டிய கேள்வி இது. பிணைப்பு என்று ஒன்று வந்ததும் எழுத வேண்டிய அவசியமே போய்விடுகிறது. ஜாதகம் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். காதல் மிகுந்துவிட்டது என்று இவர்கள் புலம்பும் இடத்தில் நான் காண்பது காதலை எழுதச் சோம்பல்பட்ட எழுத்தாளரை.

மாஸுக்கே இது உறுத்தியிருக்கிறது என்பதற்குச் சாட்சி உண்டு. இரண்டாம் நூலில் பிணைப்பு பற்றிய உண்மையை ரைசாண்ட் மறைத்துவிட்டான் என்று தெரிந்ததும் ஃபெய்ரா கோபித்துக்கொண்டு மலைக்குடிசையில் தனியே இருக்கிறாள். அந்த உலக வழக்கப்படி பெண் தன் கையால் உணவு கொடுத்தால்தான் பிணைப்பை ஏற்றதாகப் பொருள். அவன் வந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறான். அவள் எழுந்து போய் அடுப்பில் சூப்பைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைக்கிறாள். விதி முடிச்சுப் போட்டாலும் அவள் கிண்ணத்தை வைக்காமல் இருந்திருக்கலாம். நாவலில் அந்த நிமிடம் மூச்சு நிற்கிறது. அடுத்து வரும் பக்கங்கள் வழக்கமான உறுமல்தான். அந்தக் கிண்ணத்துக்காக அவற்றை மன்னித்துவிடலாம்.

நான் அளவுகோலாக வைத்திருக்கும் நூல் நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018). நாயகி மிர்யெம் யூத வட்டிக்கடைக்காரரின் மகள். தந்தைக்குக் கடனை வசூலிக்கத் தைரியமில்லை, இவள் வசூலிக்கிறாள். வெள்ளியைப் பொன்னாக்குகிறேன் என்று ஒருமுறை பெருமையடித்தது பனி இனத்து அரசனின் காதில் விழுகிறது. அவன் வெள்ளியைக் கொடுத்துப் பொன் கேட்கிறான், மூன்றாம் முறை அவளையே மனைவியாக்கித் தூக்கிப் போகிறான். இவள் அழுது புலம்பவில்லை, பேரம் பேசுகிறாள். மனைவிக்குரிய உரிமைகளை விட்டுத்தருகிறேன், பதிலுக்கு ஒவ்வோர் இரவும் என் கேள்விகளுக்குப் பதில் சொல் என்கிறாள். அந்தக் கேள்வி பதில்களில்தான் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். கடைசியில் அவன் முறையாகப் பெண் கேட்டு வர வேண்டியிருக்கிறது. அவள் வீட்டில், அவள் சமய முறைப்படி, ஒப்பந்தம் எழுதித்தான் கல்யாணம். தன் பெயரை யாருக்கும் சொல்லாத இனத்தைச் சேர்ந்த அந்த அரசன் ஒப்பந்தத்தில் தன் பெயரை எழுதுகிறான். விதி இல்லை, பிணைப்பு இல்லை. கேட்கிறான், நிபந்தனை வைக்கிறாள், ஒப்புகிறான். டோல்கீனுக்குப் பிந்தைய ஃபேன்டஸியில் இதைவிடக் காதல் மிகுந்த முடிவை நான் படித்ததில்லை; அதில் முத்தம்கூட வராது.

பதிப்பகங்களின் பங்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பகைவர் காதலராவது, ஒரே அறை ஒரே கட்டில் என்று பலகாரக் கடையின் பலகை மாதிரி அம்சங்களைப் பட்டியலிட்டு விற்கிறார்கள். எழுத்தாளர்களும் பட்டியலைப் பார்த்துச் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம், அதன் தொடர்ச்சி அதே ஆண்டு நவம்பர். அந்த அவசரம் இரண்டாம் நூலின் ஒவ்வோர் அத்தியாயத்திலும் தெரிகிறது. திருத்தம் செய்ய யாருக்கும் பொழுதில்லை. பக்க ஓரத்துக்குச் சாயம் பூசுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைப் பிழை திருத்துவதில் காட்டியிருக்கலாம். இந்தக் குற்றங்களையெல்லாம் தாராளமாகச் சாட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் இவை சந்தையின் குற்றங்கள். எண்பதுகளில் டோல்கீனை நகலெடுத்துக் குள்ளர்களும் வில்லாளிகளுமாக வந்து குவிந்த தடித்தடி நாவல்களிலும் இதே குற்றங்கள் இருந்தன. அன்று யாரும் வாள் வந்து வகைமையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லவில்லை.

இந்த வகையைத் தொடாமலே வெறுப்பவர்களுக்கு ஒரு யோசனை. மாஸில் தொடங்க வேண்டாம். நோவிக்கின் ‘அப்ரூட்டட்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நூல், தொடர்ச்சி கிடையாது, 2015-இல் வந்தது, நெபுலா வாங்கியது. போலந்து நாட்டுப்புறக் கதைகளின் மண்ணில் எழுந்த அந்தக் காட்டைவிடப் பயங்கரமான காடு சமீபத்திய ஃபேன்டஸியில் இல்லை. நடுவில் ஒரு காதலும் உண்டு, அதைக் கழித்துவிட்டால் மந்திரமே வேலை செய்யாது என்பதை நீங்களே காண்பீர்கள். பிறகு ‘தெஹானு’. அதற்குமுன் எர்த்ஸீயின் முதல் மூன்று நூல்களையும் படித்தாக வேண்டும். மூன்றும் மெல்லிய புத்தகங்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.